துணைப்பாடமாக வந்த மொழியியல்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் தலைப்பு கேட்டபோது "மொழியியல்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது நம்ம காலேஜ்ல மெயின் சப்ஜெக்ட் கிடையாதுங்களே" என்றார் செயலாளர். அதனால்தான் அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மெயின் பாடத்தைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பாடத்தைப் பற்றி யார் பேசுவது?

எங்கள் காலத்தில் மேஜர், ஆன்சிலரி என்று சொல்வோம். இப்போது அலைடு என்கிறார்கள், நான்-மேஜர் எலெக்டிவ் என்கிறார்கள். பெயர்தான் வேறு, மரியாதை ஒன்றுதான். மேஜர் என்பது சோறு, ஆன்சிலரி என்பது ஊறுகாய். பாஸ் மார்க் வாங்கினால் போதும், புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். எனக்குத் தமிழ் மேஜர். பட்ட மேற்படிப்புக்குப் பல்கலைக்கழகம் போனபோது மொழியியல் இரண்டு தாளாக வந்து சேர்ந்தது. நான் தேடிப் போகவில்லை. விருப்பப் பாடங்களில் மற்றவை நிரம்பிவிட்டன, இதில் இடம் இருந்தது. அவ்வளவுதான் கதை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக வேலை பார்த்த எனக்கு வகுப்பறையில் தினமும் கைகொடுத்தது எது என்று கேட்டால், மேஜரில் படித்ததை விட இந்த இரண்டு தாள்தான் என்று சொல்லுவேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மொழியியல் என்றைக்குமே பக்கவாசல் வழியாக வந்த சாஸ்திரம்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1786-இல் கல்கத்தாவில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசிய வில்லியம் ஜோன்ஸ் நீதிபதி. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் எழுதிய எல்லிஸ் சென்னையில் கலெக்டர். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கொண்டுவந்த கால்டுவெல் பாதிரியார். நம்மவர்களில் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். பிறகுதான் தமிழ்ப் பேராசிரியர், பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர், 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இவர்களில் யாருக்கும் மொழியியல் மேஜர் கிடையாது. ஆகவே துணைப்பாடமாகப் படித்தேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

சரி, அந்த இரண்டு தாள் எனக்கு என்ன கொடுத்தது? ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொள்கிறேன். ற.

கசடதபற வல்லினம், ஙஞணநமன மெல்லினம், யரலவழள இடையினம். ஆறாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். நானும் மனப்பாடம் செய்தேன், பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வித்தேன். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "ஐயா, ரவும் றவும் கேட்கறதுக்கு ஒண்ணாத்தான் இருக்குது. அப்புறம் ற மட்டும் எப்படிங்க வல்லினமாச்சு?" நியாயமான கேள்வி. மரம், மறம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் வாயில் பெரிய வித்தியாசம் வராது. இலக்கண வகுப்பில் இதற்குக் கிடைக்கும் பதில், "ற வல்லோசை, அழுத்திச் சொல்ல வேண்டும்" என்பது. அழுத்திச் சொன்னால் எதுவும் வல்லினம் ஆகிவிடுமா?

மொழியியல் வகுப்பில் இதற்கு விடை இருந்தது. வல்லினம் என்பது சத்தத்தின் பலத்தைப் பற்றியது அல்ல. மூச்சு வாய்க்குள் ஓர் இடத்தில் முழுசாக அடைபட்டுப் பிறகு வெடித்து வரும் ஒலி அது. க, ட, த, ப எல்லாம் அப்படித்தான். ரகரத்தில் மூச்சு அடைபடுவதில்லை. ஆகவே ற ஒரு காலத்தில் அடைத்து வெடித்த ஒலியாக இருந்திருக்க வேண்டும். இது ஊகமில்லை. தொல்காப்பியர் பிறப்பியலில் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறார். றகரமும் னகரமும் நுனிநா அண்ணத்தை ஒற்றப் பிறக்கும், ரகரமும் ழகரமும் நுனிநா அண்ணத்தை வருடப் பிறக்கும் என்கிறார். ஒற்றுவது வேறு, வருடுவது வேறு. முத்திரை குத்துவதற்கும் பூனை முதுகைத் தடவுவதற்கும் உள்ள வேற்றுமை. அந்த நூற்பாக்களை மேஜர் பாடத்தில் உரையோடு படித்திருந்தோம். ஆனால் அது நம் வாயைப் பற்றிப் பேசுகிறது என்று அந்தத் தாளில்தான் உறைத்தது.

இன்னும் ஒன்று பாருங்கள். ஒவ்வொரு வல்லினத்துக்கும் ஒரு மெல்லினம் ஜோடி. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப. ஆறாவது ஜோடி ன்ற. கன்று, ஒன்று, மூன்று. ரகரத்துக்கு அப்படி ஜோடி கிடையாது. கணக்கு நேராக இருக்கிறது.

அந்தப் பழைய ஒலியை இன்றைக்கு எங்கே கேட்கலாம்? வெகுதூரம் போக வேண்டியதில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறி வாளையார் தாண்டினால் போதும். பாலக்காட்டுக்காரர் "காற்று" என்று சொல்வதைக் கேளுங்கள். நாம் பேச்சில் "காத்து" என்போம், புத்தகத்தைப் படிக்கும்போது ஒரு ரகரத்தை உள்ளே நுழைத்துப் படிப்போம். அவர் சொல்லுவது இரண்டும் இல்லை. த்த-வும் அல்லாத, ட்ட-வும் அல்லாத, நுனிநாக்கு மேல்பல்லின் ஈறுக்குப் பின்னால் ஒற்றி எடுக்கும் ஒரு தனி ஒலி. ஆங்கிலேயர் "டீ" என்று சொல்லும்போது வருகிறதே, ஏறக்குறைய அது. யாழ்ப்பாணத்தாரிடமும் அது உண்டு. அதனால்தான் நாம் "கமிட்டி" என்று எழுதுவதை அவர்கள் "கமிற்றி" என்று எழுதுகிறார்கள். கனடாவின் பெரிய நகரத்தை "ரொறன்ரோ" என்கிறார்கள். நம்மூர்ப் பத்திரிகை படிப்பவர்களுக்கு அது எழுத்துப்பிழை மாதிரி தெரியும். அவர்கள் காதுக்கு அதுதான் சரி. நீலகிரியில் கோத்தர் மொழியிலும் தோடர் மொழியிலும் அந்த ஒலி தனியாக நிற்கிறது.

அந்தப் பையனுக்கு இதைச் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் பாலக்காட்டுப் பக்கம். "உங்கம்மாவை நாளைக்கு 'நேற்று' சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு வா" என்றேன். மறுநாள் வந்து செய்து காட்டினான். வகுப்பு முழுக்க அன்று நுனிநாக்கை ஈறில் ஒற்றிக் கொண்டிருந்தது. தொல்காப்பியத்தை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பு நான் நடத்தியதில்லை.

இனி நம் கொங்குத் தமிழுக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் வந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வெளியூர்க்காரர்கள் நம்மைப் பார்த்துச் சொல்லும் பழைய கேலி ஒன்று உண்டு. "கோயமுத்தூர்க்காரங்க நாய்க்கும் மரியாதை கொடுப்பாங்க." நாம், "நாய் கத்துதுங்", "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்", "மழை வருமாட்ட இருக்குதுங்" என்று பேசுகிறோமாம். கேட்டு நாமும் சிரிப்போம். சிரிப்பில் ஒன்றும் குறைந்துவிடாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் விடுதியில் என்னோடு தங்கிய ஒருவர், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்காரர், நன்றாகப் படிப்பவர், முதல் வருடம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் "வரோணும், போகோணும், என்ற ஊடு" என்று வந்துவிடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். பிற்பாடு ஒரு நேர்முகத் தேர்வில், "கொஞ்சம் நல்ல தமிழில் பேசக் கூடாதா?" என்று கேட்டார்களாம். எந்த அலுவலகம், யார் கேட்டது என்பதெல்லாம் இப்போது எதற்கு? அவர் அதற்குப் பிறகு பேசிய தமிழ் மேடைத் தமிழ் மாதிரி இருக்கும். மனைவியிடம்கூட அப்படித்தான் பேசுகிறார் என்று கேள்வி.

இந்த "ங்" விஷயத்தை மொழியியல் எப்படிப் பார்க்கிறது? "சொல்லுங்கள்" என்பது "சொல்லுங்க" ஆகி, நம்மிடம் "சொல்லுங்" என்று நின்றது. மூலத்தில் அது "கள்" என்ற பன்மை விகுதி. பலரைச் சுட்டியது, பிறகு ஒருவரையே மரியாதையாகச் சுட்டியது. இதுவரை எல்லாத் தமிழுக்கும் பொது. கொங்கு நாட்டில் அது அடுத்த படிக்குப் போய்விட்டது. வினைச்சொல்லோடு மட்டும் ஒட்டாமல் எதோடும் ஒட்டும். "எந்த ஊரு?" "அவிநாசிங்." "பஸ் வந்துருச்சா?" "இன்னும் இல்லீங்." இந்த மரியாதை அவிநாசிக்கும் இல்லை, பஸ்ஸுக்கும் இல்லை. யார் கேட்டுக் கொண்டிருக்கிறாரோ அவருக்கு. "அவன் வந்தானுங்" என்ற ஒரே தொடரில், வந்தவனுக்கு மரியாதை இல்லை, கேட்பவருக்கு மரியாதை இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிற வசதி எழுத்துத் தமிழுக்கு இவ்வளவு சுருக்கமாக இல்லை. "அவன் வந்தான், ஐயா" என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்க்க வேண்டும்.

ஜப்பானிய மொழியில் வினைச்சொல்லின் முடிவில் "மஸ்" என்று ஒரு விகுதி வருகிறது. நாய் ஓடுகிறது என்று சொல்வதானாலும் எதிரில் இருப்பவருக்கு மரியாதை காட்ட அதைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். உலகத்து மொழியியல் நூல்களில் அதற்குத் தனிப் பெயர் உண்டு, கேட்பவர் மரியாதை என்று தமிழில் சொல்லலாம். ஜப்பானியர் செய்தால் அது ஆராய்ச்சி, கவுண்டம்பாளையத்தார் செய்தால் கேலியா? நாய்க்கு மரியாதை என்று சிரித்தவர்கள் நாயைப் பார்த்தார்கள், எதிரில் நின்ற மனிதரைப் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சென்னைப் பக்கம் "வந்தானுங்க" என்றால் "அவனுங்க வந்தானுங்க", அதாவது பல பேர் வந்தார்கள், அதுவும் மரியாதை இல்லாமல். நம்மிடம் "வந்தானுங்க" என்றால் ஒருத்தன் வந்தான், ஐயா. அதே சொல், எண்ணிக்கையும் வேறு, மரியாதையும் வேறு. கோவை ஆள் ஒருவர் சென்னையில் போலீசில் சாட்சி சொன்னால் திருடன் ஒருத்தனா, ஒரு கூட்டமா என்று குழப்பம் வந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் நன்னூல் வருகிறது. சொல்லுக்கு ஈற்றில் வரக்கூடிய எழுத்துக்கள் 24 என்று பவணந்தி முனிவர் கணக்குச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் ங் இல்லை. நாமோ "ஆமாங், சரிங், ஏனுங்" என்று நாள் பூராவும் ங்-இல் முடிக்கிறோம். பவணந்தியாருக்கும் நமக்கும் உறவு உண்டு என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பெருந்துறைக்குப் பக்கத்தில் உள்ள சீனாபுரம்தான் அவருடைய ஊர் என்றும், விசயமங்கலம் சமணக் கோயிலோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்றும் சொல்லுவார்கள். மைசூர்ப் பக்கம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அவருடைய நூல் அவருடைய காலத்து எழுத்து வழக்குக்கு இலக்கணம். அதை வைத்து இன்றைக்குச் சந்தைக்கு வருகிறவர் பேச்சைப் பிழை என்று சொல்ல முடியாது. தொல்காப்பியர் சொல்லின் முதலில் ஙகரம் வரும் என்று சொல்லவில்லை. பவணந்தியார் "அங்ஙனம், இங்ஙனம்" போன்றவற்றை நினைத்து அதற்கு இடம் கொடுத்தார். அதாவது வழக்கைப் பார்த்துப் பட்டியலைத் திருத்தினார். இன்றைக்கு அவர் பெருந்துறைச் சந்தையில் நின்று கேட்டால் 24-ஐ 25 ஆக்குவாரா என்று நான் யோசிப்பதுண்டு. சும்மா யோசனைதான். பண்டிதர்கள் அடிக்க வர வேண்டாம்.

வகுப்பறையில் பிள்ளைகளைத் திருத்தாமல் விட்டுவிட்டீர்களா என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. பரீட்சையில் "வரோணும்" என்று எழுதினால் மார்க் போகும், அது எனக்கும் தெரியும். "இது தப்பு" என்று அடிப்பதற்குப் பதிலாக, "வீட்டில் இப்படி, பரீட்சைப் பேப்பரில் இப்படி" என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டுக் காட்டுவேன். வேண்டும் என்பது வேணும் ஆகி, வர என்பதோடு சேர்ந்து வரோணும் ஆன கணக்கைப் போர்டில் போட்டால், பிள்ளைகள் அதைத் திரும்ப எழுத்து வழக்குக்குக் கொண்டுபோகத் தாங்களாகவே கற்றுக் கொள்கிறார்கள். வெட்கம் இல்லாமல் கற்றுக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

நம் ஜில்லாக்களில் தமிழ் பாடத்துக்கு உட்காரும் பிள்ளைகளில் பல பேருக்கு வீட்டில் தமிழ் இல்லை. தெலுங்கு பேசுகிற வீடுகள், கன்னடம் பேசுகிற தேவாங்கர் வீடுகள், வாளையார்ப் பக்கம் மலையாளம். சத்தியமங்கலத்தில் நான் வேலை பார்த்தபோது தாளவாடி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த கன்னடப் பிள்ளைகள் உண்டு. "இதுகளுக்குத் தமிழ் வராதுங்க" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோர் உண்டு. நான் ஒருநாள் போர்டில் எழுதினேன்: பால், புலி, பல், பத்து, பூ. எதிரே அந்தப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன்: ஹாலு, ஹுலி, ஹல்லு, ஹத்து, ஹூவு. மூன்றாவது சொல்லிலேயே ஒரு பெண் எழுந்துவிட்டாள். "சார், உங்க ப எல்லாம் எங்க ஹ!" என்றாள். நூறு வருடத்துக்கு மேல் பெரியவர்கள் உட்கார்ந்து கண்டுபிடித்த விதி, ஒன்பதாம் வகுப்பில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தமிழ் அந்நிய பாஷையாக இல்லை, பங்காளி வீட்டுப் பாஷை. நாம் "எச்சு" என்கிறோமே, "எச்சா வேண்டாம், கொஞ்சம் போடுங்" என்று, அது கன்னடத்து ஹெச்சுதான் என்று அவளே எனக்குச் சொன்னாள்.

இப்படி ஒரு பஸ் தூரத்துக்குள் எத்தனை மொழி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம். ஆனைகட்டி, அட்டப்பாடிப் பக்கம் போனால் இருளர் மொழி. அது ஒரு காலத்தில் கெட்டுப்போன தமிழ் என்று ஒதுக்கப்பட்டது. கமில் சுவலெபில் முதலானவர்கள் ஆராய்ந்த பிறகு தனி மொழி என்று நிலைபெற்றது. மேலே ஏறினால் படகர், கோத்தர், தோடர். அமெரிக்காவில் சமஸ்கிருதம் படித்துப் பட்டம் வாங்கிய எமனோ என்பவர், சபீர் என்ற பெரிய மொழியறிஞரின் தூண்டுதலில் 1935-இல் நீலகிரிக்கு வந்தார். மூன்று வருடம் இங்கே இருந்து தோடர், கோத்தர் மொழிகளை எழுதி எடுத்தார். பரோ என்பவரோடு சேர்ந்து 1961-இல் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைக் கொண்டுவந்தார். 1971-இல் தோடர் பாடல்களைப் புத்தகமாகப் போட்டார். 2005-இல் 101 வயதில் காலமானார். அவருக்கும் மேஜர் சமஸ்கிருதம் என்பதைக் கவனிக்க வேண்டும். தோடர்கள் மொத்தம் இரண்டாயிரம் பேர் அளவில்தான். அவர்கள் மொழியில் ரகரம் மாதிரி அதிர்ந்து வரும் ஒலி மூன்று வகை உண்டு. கடல் தாண்டி வந்தவர் அதைக் கேட்டார். நாம் வருடா வருடம் ஊட்டிக்கு டூர் போய் வர்க்கியும் தைலமும் வாங்கி வருகிறோம்.

குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு தாள் படித்தால் யாரும் மொழியியலாளர் ஆகிவிட முடியாது. நடத்துகிற விதமும் சரியில்லை. "ஒலியன் என்றால் என்ன? உருபன் எத்தனை வகைப்படும்?" என்று ஐந்து மார்க் கேள்வியாகச் சுருக்கிவிட்டோம். எங்கள் நோட்ஸில் ஒலியனுக்கு உதாரணம் எல்லாம் ஆங்கிலச் சொற்கள். மனம், மணம் என்றும், கலை, களை, கழை என்றும் நம்மிடம் குவிந்து கிடக்கும்போது இங்கிலாந்திலிருந்து உதாரணம் எதற்கு? பாடத்தில் வட்டார வழக்கு என்று ஒரு அத்தியாயம் இருக்கும், அதையும் மனப்பாடம் செய்து எழுதுவோம். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் ஒரு வட்டார வழக்குக்குச் சொந்தக்காரன் என்பது யாருக்கும் தோன்றாது. மாணவர்கள் குறைவு என்று பல இடங்களில் இந்தத் தாளையே எடுத்துவிடுகிறார்கள். இப்படி நடத்தினால் குறையாமல் என்ன செய்யும்?

வேலை கிடைக்குமா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். துணைப்பாடத்தால் மட்டும் கிடைக்காது, பொய் சொல்ல மாட்டேன். மேற்கொண்டு படிக்க விருப்பம் உள்ளவர்களுக்கு நம்மூர் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே மொழியியல் துறை இருக்கிறது. மொழிபெயர்ப்பு, அகராதி, பேச்சுக் குறைபாட்டுச் சிகிச்சை, கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது என்று பல வழி இருக்கிறது. அந்தக் கடைசி வழியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என் பேரன் கைப்பேசியைக் கொடுத்து, பேசினால் அதுவே எழுதும் என்றான். "நாளைக்கு அப்பச்சி ஊட்டுக்குப் போகோணும்" என்றேன். அது எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். எழுத்துத் தமிழ் மாதிரி நீட்டி முழக்கிச் சொன்னால் ஒழுங்காக எழுதியது. மனிதர்கள் செய்த கேலியை இனி மெஷினும் செய்யும். அந்த மெஷினுக்கு நம் பேச்சைப் பழக்க வேண்டுமானால், யாராவது நம் பேச்சைச் சேர்த்து, பிரித்து, எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அப்படிச் சேர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆர்.சண்முகசுந்தரம் 1942-இல் "நாகம்மாள்" நாவலில் நம் பேச்சை அச்சேற்றினார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். ஆனால் ஒருவர் இருவர் செய்து தீருகிற காரியமா இது? அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்பச்சி. அம்மாவின் அம்மா அமுச்சி. அண்ணன் மனைவி நங்கையா. என் பேரப்பிள்ளைகளுக்கு எல்லோருமே தாத்தா, பாட்டி, அத்தை. அப்பச்சி என்று என்னைக் கூப்பிடச் சொன்னால் வெட்கப்படுகிறார்கள். கிணற்றில் கவலை இறைத்த காலத்துச் சொற்கள், சால், தும்பி, வடம், வால்கயிறு, எல்லாம் மோட்டார் வந்ததும் கிணற்றுக்குள்ளேயே போய்விட்டன. கவலை ஓட்டியவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். இட்டேரியில் இப்போது தார் ரோடு. தொண்டுபட்டி என்றால் என்ன என்று இந்தக் கூட்டத்தில் இருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். (சிலர் கை உயர்த்தினர்.) ஏழு பேர். பரவாயில்லை, நான் மூன்று என்று நினைத்தேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது மொழியியல் பட்டியலில் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து முதல்வரிடம் எழுதிக் கொடுங்கள், அவர் இங்கேதான் இருக்கிறார். எடுத்தால் நோட்ஸை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் ஆத்தாவிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பழமை பேசுங்கள், கைப்பேசியில் பதிவு செய்து கொள்ளுங்கள். வணிகவியல் படிப்பவரும் செய்யலாம், இயற்பியல் படிப்பவரும் செய்யலாம்.

சங்கத்து நண்பர்களுக்கு வேறு வேலை. சங்கத்தின் பேரில் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி கேட்டிருக்கிறோம், முதல்வர் சம்மதித்துவிட்டார். ஒலிப்பதிவுகளை அங்கே வைக்கலாம். யார், எந்த ஊர், எத்தனை வயது, எந்தத் தேதி என்று எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து ஒன்றுக்கும் ஆகாது. பேசுகிறவரிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். தமிழ்த் துறையிலிருந்து இருவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பந்தியும் தயார் என்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று. உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் மட்டும் புழங்கிய சொல் ஒன்று, அதன் பொருள், ஊர்ப் பெயர், உங்கள் பெயர் எழுதுங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், காதில் விழுந்தபடி எழுதினால் போதும். முதல் பக்கத்தில் நான் "பொடக்காணி" எழுதியிருக்கிறேன். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறதுங்.